எரித்தவர்களுக்கு எழுப்பத் தெரியவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து வருஷம் யோசித்துவிட்டேன்.

வாரா வாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசுகிறவள்தான். ரேஷன் மண்ணெண்ணெய் க்யூவில் சண்டை போட்டது, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மயக்கம் போட்டது, கோயில் சர்க்கரைப் பொங்கலில் உப்பை அள்ளிப் போட்டது... எல்லாம் சொல்லியாயிற்று. இதை மட்டும் மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அடுப்பில் போட்டேன். அஞ்சாம் கிளாஸ் படித்தவளுக்கு எழுத வரவில்லை என்று நினைக்க வேண்டாம். பயம். அதோடு, ஒருவருக்குக் கொடுத்த வாக்கு.

போன வியாழக்கிழமை அந்த ஒருவருடைய வீட்டுக்குப் போனேன். கோத்தகிரி பஜாரில் மளிகைக் கடை. மேலே வீடு. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நானா காலமாகி நாற்பது நாள் கழிந்திருந்தது.

சிலோனில் முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் நானா என்போம். அண்ணன் என்று அர்த்தம். இங்கே எல்லோருக்கும் அவர் பாய். எனக்குக் கடைசி வரை நானாதான்.

அவர் மனைவி என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். நான் கொடுத்த வாக்கைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கையிலிருந்த ஜெபமணியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"எழுதுங்க தங்கச்சி. அவுக போயாச்சு, இனி யாரு என்னா சொல்லப் போறாங்க. ஆனா கூட்டாம கொறைக்காம எழுதுங்க."

எழுதுகிறேன். முருகா, கூட இரு.

நாங்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த இரண்டாம் வருஷம் நடந்தது இது.

சிலோனில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி பிறந்தால் காமன் கூத்து. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவபெருமான் மேல் மன்மதன் பூ அம்பு விடுகிறான். நெற்றிக்கண் திறக்கிறது. மன்மதன் சாம்பல். ரதி அழுது புரண்டு வரம் கேட்கிறாள். மூன்றாம் நாள் அவனை எழுப்புகிறார்கள்.

இதில் எங்கள் தோட்டத்துக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. மலைக்கு மேலே ஒரு லயம், கீழே ஒரு லயம். லயம் என்றால் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடு. எரிக்கிற பாட்டு மேல் லயத்துக்குச் சொந்தம். எழுப்புகிற பாட்டு கீழ் லயத்துக்குச் சொந்தம். மன்மதன், ரதி வேஷங்களும் கீழ் லயத்துக்காரருக்கே. எரித்தவர்கள் எழுப்புவதைப் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. மூன்றாம் நாள் மேல் லயத்தில் எல்லாக் கதவையும் சாத்திக்கொள்வோம். எல்லாம் முடிந்து கீழேயிருந்து தப்பு முழங்கினால்தான் திறப்போம்.

நான் பிறந்தது மேல் லயம். வாழ்க்கைப்பட்டதும் அதே லயத்தில், நாலு வீடு தள்ளி.

அப்புறம் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம், பாஸ்போர்ட், கப்பல், மண்டபம் முகாம். முகாமில் பிரித்து அனுப்பினார்கள். சிலர் தேயிலைக்கு, சிலர் நூல் மில்லுக்கு, சிலர் ரப்பருக்கு... கோத்தகிரிக்கும் அரவேணுவுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் வந்து விழுந்தது எங்கள் ஊர்க்காரர்கள் பதினோரு குடும்பம். பதினொன்றும் மேல் லயம்.

இது ஒரு விஷயமென்று யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. அரிசி எங்கே கிடைக்கும், கம்பளி எங்கே கிடைக்கும் என்பதுதான் அன்றைய விஷயம்.

இரண்டாம் வருஷம் மாசியில் முனியாண்டி அண்ணனுக்குக் கை துறுதுறுத்தது. எங்களுக்கெல்லாம் பெரியவர், தப்பு அடிப்பதில் கெட்டிக்காரர். "இந்த ஊருல நம்மள ஒரு மனுசனாக்கூட எண்ணல. சிலோன்காரன், சிலோன்காரன்னே போகுது. நாம யாருன்னு ஒருக்காக் காட்டணும்" என்றார். காப்புக் கட்டிவிட்டார்.

தோட்டத்து ஆபீசர் ராத்திரியில் கூடாது என்று சொல்லிவிட்டார். காட்டெருமை வரும். சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு முழு நாள் ஆடிக்கொள்ளலாம். "திங்கக்கெழமை காலைல எல்லாரும் வேலைக்கு நிக்கோணுங்க. லீவு கீவுன்னு யாரும் வரப்படாதுங்க" என்றார்.

மன்மதனுக்கு ஆள் வேண்டுமே? என் வீட்டுக்காரரைப் பிடித்தார்கள். பெண்டாட்டியும் இரண்டு வயசுப் பெண் குழந்தையும் உள்ள மனிதர். மார்ச்சளி உடம்பு. அது வேறு லயத்து வேஷம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டாரா? தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துக் கிரீடம் செய்ய உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுச் செல்வராஜ் ரதி. "மச்சான் மொகத்துக்கு மன்மதனாம். ரதி நான் தப்பிச்சு ஓடாம இருந்தாச் சரி" என்று அவன் கேலி செய்துகொண்டே என் வாசலில் வந்து நின்றான். ரதிக்குப் பட்டுச் சேலை வேண்டும். எங்கள் பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டுதான் கடல் தாண்டி வந்திருந்தது. என் கூறைச் சேலை.

கொடுத்தேன்.

ஆனால் சனிக்கிழமையைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அது ஒரு நாள்! பொட்டல் நிறைய ஜனம். பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது அவர்கள் கிராமத்திலிருந்து, படகர்கள் வெள்ளைத் துண்டு போர்த்திக்கொண்டு குடும்பத்தோடு வந்தார்கள். அரவேணுக் கடைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள். தப்புச் சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ரதியும் மன்மதனும் கை கோத்துச் சுற்றி வர, செல்வராஜ் இடுப்பை ஒடித்த ஒடிப்பில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் படகர்களுக்கும் கால் நிற்கவில்லை. அவர்கள் வட்டம் கட்டி ஆட, எங்கள் ஆட்கள் நடுவில் ஆட, தாளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் முனியாண்டி அண்ணன் திணறிப்போனார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக எங்களைப் பார்த்து அந்த ஊர் சிரித்தது. எங்களோடு சேர்ந்து சிரித்தது.

கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நானா. சிலோனில் எங்கள் தோட்டத்தில், கீழ் லயத்தை ஒட்டி, இருபது வருஷம் கடை வைத்திருந்தவர். எங்களுக்கு முன்பே வந்து கோத்தகிரியில் கடை போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எரிப்பு.

அங்கே ஆமணக்கும் வைக்கோலும் கட்டிய கம்பம். இங்கே அதற்கு எங்கே போவது? தைல மரக் கிளைகளை வெட்டிக் கட்டினார்கள். தைல மரத்து இலை எண்ணெய் இலை என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. தீ வைத்ததும் படபடவென்று வெடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தது. ஜனம் பின்னால் ஓடியது. என் வீட்டுக்காரர் தீக்கு முன்னால் விழுந்து கிடக்க வேண்டும். விழுந்தார். வழக்கப்படி நனைத்த வெள்ளைத் துணியைப் போர்த்தி, மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அங்கே அது சுகமாக இருக்கும். இங்கே மத்தியானத்திலும் நிழல் புல்லில் மாசிப் பனி காயவில்லை.

செல்வராஜ் தலைவிரிகோலமாக வந்து அவர் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தான். வளையலை உடைத்தான். கழுத்து மஞ்சள் கயிற்றை அறுத்தான்.

என் கூறைச் சேலையில்.

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூத்துதானே, கூத்துதானே என்று சொல்லிக்கொண்டேன். மனசு கேட்டால்தானே?

எல்லாம் முடிந்து எல்லோரும் முனியாண்டி அண்ணனைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நானா குடையை மடக்கிக்கொண்டு கிட்டே வந்தார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எழுப்புறது செவ்வாக்கெழமதானே முனியாண்டி? யாரு பாடுறது?"

அண்ணன் வாயைத் திறந்தார். "கீழ் லயத்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

சுற்றிலும் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பதினோரு குடும்பம். எல்லாம் எரிக்கிற கட்சி. எழுப்புகிற பாட்டில் ஒரு வரி, ஒரு சொல், யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தி வளர்ந்தவர்கள் நாங்கள்.

எழுப்பும்வரை மன்மதன் வீட்டு நிலைப்படி தாண்டக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. இதுவும் கட்டுப்பாடு. என் வீட்டுக்காரர் விறகுக் கொட்டகையில் படுத்தார். திங்கள் காலையில் தொட்டுப் பார்த்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

ஆபீசர் நல்லவர், ஜீப் கொடுத்தார். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர் நிமோனியா என்றார். நோட்டில் எழுதுகிறவர் நோயாளி பேரைக் கேட்டார். என் வீட்டுக்காரர் பேசவில்லை. காய்ச்சலால் பேசவில்லையா, விரதத்தால் பேசவில்லையா... எனக்கே தெரியவில்லை. என்னைக் கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? கழுத்தில் தாலி ஏறியதிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. மண்டபம் முகாமில் ஆபீசர் கேட்டபோதுகூட முனியாண்டி அண்ணன்தான் எனக்காகச் சொன்னார். முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

பிள்ளையைச் செல்வராஜ் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். ஊசி மேல் ஊசி. செவ்வாய் விடிந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள்.

முனியாண்டி அண்ணன் ஆள் மேல் ஆள் கேட்டுப் பார்த்திருந்தார். கூடலூர் பக்கம் கீழ் லயத்துக் குடும்பம் ஒன்று இருப்பதாகப் பேச்சு. எந்தத் தோட்டம் என்று தெரியாது. கடுதாசி போட்டால் போய்ச் சேர நாலு நாள். மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் எழுப்ப வேண்டும் என்பது வழக்கம்; எனக்கு இருந்தது அதுவரைதான்.

மூடநம்பிக்கை என்பீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் மனிதர் கண் திறக்காமல் கிடக்கும்போது வந்து என்னிடம் அதைச் சொல்லுங்கள்.

வெந்நீர் வாங்க பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பஜாருக்கு இறங்கினேன். நானா கடை கண்ணில் பட்டது. அப்போதுதான் புத்தி வந்தது. எழுப்புவதைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தானே? கீழ் லயத்தை ஒட்டி இருபது வருஷம் கடை வைத்தவர், கதவைச் சாத்தாத ஒரே ஆள்?

கேட்டேன். அழுதுகொண்டேதான் கேட்டேன்.

அவர் கடையில் நின்றவர்களை அனுப்பினார். ஷட்டரைப் பாதி இறக்கினார். ஐந்து வேளை தொழுகிறவர். அவருக்கு அது எத்தனை பெரிய சங்கடம் என்று எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

"நான் பாடமாட்டேன் தங்கச்சி. பாடக் கூடாது. காதுல விழுந்தத சொல்றேன். நீ எழுதிக்க" என்றார்.

சீனி மடிக்கும் பழுப்புக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தார். காதில் செருகியிருந்த பென்சிலைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, ராகம் இல்லாமல், சாமான் லிஸ்ட் படிப்பதுபோல ஒரே குரலில் சொன்னார். பதினாலு வரி. திரும்பப் படிக்கச் சொன்னார். ஓரிடத்தில் எனக்கு அர்த்தம் சரியாக வரவில்லையென்று ஒரு சொல்லை மாற்றிப் படித்தேன். நிறுத்தினார்.

"மாத்தாத. எனக்கும்தான் அர்த்தம் தெரியல. இருவது வருசம் வந்து விழுந்தது எப்படியோ அப்படியே தாறேன். நீயும் அப்படியே வச்சுக்க."

பிறகு முக்கியமானதைச் சொன்னார். பாட்டு முடிந்ததும் ரதி, மன்மதா என்று கூப்பிட மாட்டாளாம். வேஷம் கட்டின ஆளின் சொந்தப் பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவாளாம். அப்போதுதான் வேஷம் விலகி மனுஷன் எழுந்திருப்பானாம்.

செல்வராஜ் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டப் போயிருக்கிறான், அவனுக்கு லீவு கிடையாது என்றேன்.

"ரதி கட்டின சேல யாரோடது?"

"என்னோடது நானா."

"அப்ப நீதான் ரதி. போ."

ஷட்டரைத் தூக்கிவிடும்போது தலை குனிந்து ஒன்று சொன்னார். "நான் சொன்னேன்னு வெளிய வர வேணாம். எங்காளுங்களுக்கும் பதில் சொல்லணும், ஒங்காளுங்களுக்கும் பதில் சொல்லணும்." வாக்குக் கொடுத்தேன்.

வார்டில் எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டுப் போட்ட பெரியவர். செல்வராஜ் திருப்பிக் கொடுத்த கூறைச் சேலையைத்தான் என் வீட்டுக்காரருக்குக் கம்பளி மேல் போர்த்தியிருந்தேன். அதன் ஒரு முனையை என் தோளில் போட்டுக்கொண்டேன். காகிதத்தைப் பிரித்து முணுமுணுவென்று ஆரம்பித்தேன். ராகம் யாருக்குத் தெரியும்? கந்தர் சஷ்டிக்கு மாரியம்மன் கோயிலில் பாடுகிற ராகம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதிலேயே பாடினேன்.

நர்ஸ் வந்து நின்றார். "ஏனுங்க, இது ஆஸ்பத்திரிங்க. பஜனையெல்லாம் கோயல்ல வச்சுக்கோங்க."

மாவுக்கட்டுப் பெரியவர்தான், "உடுங்க சிஸ்டர், எனக்கும் பொழுது போவுதில்ல" என்றார். நர்ஸ் முறைத்துவிட்டு நகர்ந்தார்.

பதினாலு வரி முடிந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. இனி பேர்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த வாய் இது. சொல்லாவிட்டால் எழ மாட்டார். சொன்னால்... என்ன ஆகும்? நான் எந்தப் பக்கம் போவேன்? முருகா, தப்பு என்றால் என் ஆயுசில் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டேன். அது எட்டுக் கட்டிலுக்கும் கேட்டது.

"தம்பி, உங்களத்தானுங்க கூப்புடறாங்க. எந்திரிங்க" என்றார் மாவுக்கட்டுப் பெரியவர்.

என் வீட்டுக்காரர் இமை அசைந்தது. கண் திறந்தது. என்னையே பார்த்தார். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"யாரு கூப்பிட்டது?"

"நாந்தாங்க."

"பேர் சொல்லியா?"

"ஆமாங்க."

முகத்தில் நிஜமாகவே பயம். "அப்ப நான் செத்துட்டேனா?"

"இல்லைங்க. எந்திரிச்சிட்டீங்க" என்றேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மத்தியானம் போட்ட ஊசி நன்றாகப் பிடித்துவிட்டது என்றார். இருக்கட்டும். அவரையும் அந்த முருகன்தான் அங்கே வைத்திருந்தான். அந்த டாக்டருக்கும் தினமும் விளக்கேற்றும்போது ஒரு கும்பிடு உண்டு. இதில் யார் எழுப்பியது என்று நான் யாரோடும் வழக்காட வரவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் பொட்டலில் எரிப்பும் உண்டு, எழுப்பும் உண்டு. பாட்டு எப்படிக் கிடைத்தது என்று முனியாண்டி அண்ணன் ஒரு தடவை கேட்டார். சொல்லவில்லை. மறுதடவை அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானா குடையோடு பின்னால் வந்து நிற்பார். பாடும்போது ஒருவர் கண்ணிலும் படாமல் அவர் உதடு மட்டும் அசையும். எங்காவது ஒரு சொல் பிசகினால் குடை நுனி தரையில் ஒரு தட்டுத் தட்டும். எனக்கு மட்டும் கேட்கும்.

இந்த வருஷம் அந்தத் தட்டு இல்லை.

கப்பல் இன்னும் நிற்கவில்லை. போன வாரம்கூட மண்டபத்திலிருந்து இரண்டு குடும்பம் தகரப் பெட்டியோடு எங்கள் லைனில் வந்து இறங்கியது. போய்க் கேட்டேன். எங்கள் தோட்டம் இல்லை. கீழ் லயத்து ஜனம் எங்கெங்கே சிதறியிருக்கிறதோ... கூடலூரோ, கர்நாடகமோ, இன்னும் அக்கரையிலேயே கப்பலுக்குக் காத்திருக்கிறதோ. அவர்களும் எங்காவது காமன் கம்பம் நட்டு, எரிக்கிற பாட்டுத் தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கிறார்களோ என்னவோ.

பாட்டை இங்கே அச்சில் போட மாட்டேன். அது எங்களுடையது இல்லை. சீனிக் காகிதம் முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வரும்போது எங்கள் பாட்டையும் எழுதிக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் இப்போது கதவைச் சாத்துவதில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். தெரிந்த தோட்டம், தெரிந்த முகாம் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்புங்கள். அர்த்தம் சரியில்லை என்று எதையும் திருத்தாதீர்கள். நானாவை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். நேரமில்லை என்று பாதியில் எழுந்து போகாதீர்கள்.

முக்கியமாக, எரித்ததோடு நிறுத்திவிடாதீர்கள்.